ராணிக்கெட் வந்து ஷெட்டு காலி: அடுத்த குஞ்சு இறக்குறதுக்கு முன்ன என்னெல்லாம் செய்யணும்?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல 2000 கோழி கெடக்குற ஷெட்டு, வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், வந்து பாதிக்கு மேல செத்துட்டு, மிச்சத்த கிடைச்ச ரேட்டுக்கு கடைக்கு ஏத்தி விட்டாச்சு, இப்ப ஷெட்டு சும்மா கெடக்கு. "என்ன மருந்து அடிச்சா கிருமி மொத்தமா சாவும், எத்தன நாள்ல அடுத்த குஞ்சு இறக்கலாம், பேங்க் லோன் ஓடிட்டு இருக்கு"ன்னு கேக்காரு.

லோன் ஓடும்போ காலி ஷெட்ட பாத்துட்டு இருக்குறது எவ்வளவு பாடுன்னு தெரியும் தம்பி, அதனால நேரா விஷயத்துக்கு வாறேன். எந்த மருந்துங்கிறதுல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ராணிக்கெட் வைரஸுக்கு வெளிய ஒரு கொழுப்பு உறை உண்டு, அது சோப்பு வெள்ளம் (தண்ணி) பட்டாலே கலைஞ்சு போவும், பறவைக்காய்ச்சல் வைரஸுக்கும் அதே மாதிரி உறை தான். ஆனா அதே வைரஸ் காஞ்சு போன எச்சத்துக்குள்ள, கட்டி பிடிச்ச லிட்டருக்குள்ள (தரையில விரிச்ச உமி, மரத்தூளோட எச்சம் சேந்தது) இருந்துதுன்னா மேல எத்தன ஆயிரம் ரூவா மருந்த ஊத்தினாலும் உள்ள போய் சேராது, குளோரின் மருந்தெல்லாம் அந்த அழுக்கோட சேந்தே வீரியம் போயிரும். அதனால வேலையில பெரும்பங்கு சுரண்டுறதும் கழுவுறதும் காய வைக்கிறதும் ஆக்கும். மருந்து கடைசி நாள் வேலை. நம்ம ஊர்ல நிறைய பேரு இத தலைகீழா செய்யுதாங்க, லிட்டர வாரி போட்ட அன்னைக்கே மருந்து அடிச்சு ஒரு வாரத்துல குஞ்சு இறக்கி, திரும்ப அடி வாங்குதாங்க.

அதுக்கும் முன்ன ஒண்ணு கேக்கணும். வெள்ளைக்கழிச்சல்னு சொன்னது யாரு? டாக்டர் கோழிய அறுத்து பாத்து சொன்னாரா, இல்ல பச்சையா வெள்ளையா கழியுது, கழுத்து திருகிட்டு கெடக்குன்னு பாத்து நீங்களே முடிவு பண்ணினதா? ஏன்னா திடீர்னு கொத்து கொத்தா சாவுறது, மூச்சு வாங்குறது, கொண்டை வீங்குறது நீலம் பாயுறது எல்லாம் ராணிக்கெட்டுலயும் வரும், பறவைக்காய்ச்சல்லயும் வரும். கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது, லேப்ல தான் தெரியும். நமக்கு இது ரொம்ப கிட்டத்துல உள்ள விஷயம். 2006ல மகாராஷ்டிரா நவாப்பூர்ல தான் இந்தியாவுல முதல்ல பறவைக்காய்ச்சல் வந்துது, 2014ல ஆலப்புழா கோட்டயம் பக்கம் வாத்துல வந்துது, அதுக்கு அப்புறமும் அங்க பல தடவ வந்தாச்சு. அங்க வரும்போ எல்லாம் கேரள எல்லையில உள்ள களியக்காவிளையில வண்டி டயருக்கு மருந்து அடிக்கத நீங்களே பாத்திருப்பீங்க. அங்கேருந்து இங்க வர ஒரு ராத்திரி வண்டி ஓட்டம் போதும்.

அதனால இனி மேல சாவு கூடுன அன்னைக்கே, மிச்ச கோழிய ஏத்துறதுக்கு முன்ன, பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு சொல்லுங்க, இல்லன்னா 1962க்கு போன் அடிங்க. சொன்னா ஷெட்ட சீல் வச்சிருவாங்களோன்னு பயந்து நிறைய பேரு மறைக்காவ. ராணிக்கெட்டுன்னா உங்க கோழிய யாரும் அழிக்க வரமாட்டாங்க, மிச்சத்த எப்படி காப்பாத்தலாம்னு தான் பாப்பாங்க. பறவைக்காய்ச்சல்னு சந்தேகம் வந்தா சாம்பிள் போபால்ல உள்ள லேபுக்கு போவும், உறுதி ஆனா சுத்தி 1 கிலோமீட்டருக்கு உள்ள பறவைய அழிப்பாங்க, 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. அப்ப அழிக்கிற பறவைக்கு தான் நஷ்டஈடு, அதுக்கு முன்ன செத்து போனதுக்கு கிடையாது. மறைச்சு வச்சு ஒவ்வொரு நாளும் 200, 300ன்னு சாவ விட்டவனுக்கு கடைசியில கைல ஒண்ணும் கிடைக்காது, சீக்கிரம் சொன்னவனுக்கு கிடைக்கும். 2009ல வந்த கால்நடை தொற்று நோய் சட்டத்துல தகவல் சொல்ல வேண்டியது வளக்குறவனோட கடமைன்னே இருக்கு.

மிச்சத்த கடைக்கு ஏத்தினது சரியான காரியம் இல்ல தம்பி, கோவப்படாதீங்க. அந்த கோழி போன கூடை எச்சத்தோட திரும்பி வந்து அடுத்த நாள் இன்னொருத்தர் ஷெட்டு வாசல்ல எறங்கியிருக்கும். உங்களுக்கே இது அப்படி வந்ததா இருக்கலாம்.

சரி, உங்களுக்கு ராணிக்கெட்டு தான்னு வச்சுக்கிட்டு சொல்லுதேன். பறவைக்காய்ச்சல்னா சுத்தம் பண்ணுறதுல இருந்து திரும்ப குஞ்சு இறக்குறது வரைக்கும் துறை சொல்லுற கணக்கு தான், சர்டிபிகேட் வாங்காம நாமளா ஒரு தேதி முடிவு பண்ண முடியாது.

செத்த கோழி எல்லாத்தையும் புதைச்சாச்சா? இங்க சில பேரு சாக்குல கட்டி ரப்பர் தோட்டத்து பள்ளத்துலயோ சானல்லயோ போட்டுருதாங்க. பேச்சிப்பாறை வெள்ளம் சானல் வழியா கீழ அகஸ்தீஸ்வரம் வரைக்கும் போவுதுல்லா, அதுல ஒரு சாக்கு விழுந்தா எத்தன ஊருக்கு போவும்னு யோசிங்க. குழி தான் வழி. 2 மீட்டர் நீளம் அகலம் ஆழம் உள்ள குழிக்கு ஏறக்குறைய 1800 கோழின்னு அரசு வழிகாட்டுதல்ல ஒரு கணக்கு உண்டு. ஆனா மேற்கு பக்கத்துல நமக்கு பிரச்சனை இடம் தான், வீட்டுக்கு வீடு கிணறு, மழைக்காலத்துல கொஞ்சம் தோண்டினாலே ஊத்து. குழிய தோண்டி ஒரு ராத்திரி சும்மா விட்டு பாருங்க, காலையில அடியில வெள்ளம் ஊறி நிக்குன்னா அந்த இடம் ஆவாது, மேட்டுக்கு மாறிருங்க. கிணத்துக்கு மேல் சரிவுல தோண்டவே கூடாது. கோழிய போட்டு சுண்ணாம்ப தூவி, மேல ஆழமா மண்ணு மூடி, நாய் தோண்டாம இருக்க கல்லோ முள்ளோ போடுங்க. ஏற்கனவே புதைச்சாச்சுன்னா, ஒரு மழைக்கு அப்புறம் போய் மண்ணு உக்காந்து வெடிச்சிருக்கான்னு பாத்து இன்னும் மண்ணு போடுங்க.

அடுத்து லிட்டர். இங்க தான் முக்காவாசி பேரு வழுக்குறது. நம்ம ஊர்ல கோழி எருவுக்கு எப்பவும் ஆள் நிக்கும், வாழைக்கு, மரச்சீனிக்கு, ரப்பருக்குன்னு டெம்போ கொண்டு வந்து நிறுத்திருவாங்க, காசும் கைல வரும், ஷெட்டும் காலி ஆவும். நோய் வந்த ஷெட்டு லிட்டர அப்படியே கொடுத்தீங்கன்னா வாழைத்தோட்டத்துக்கு பக்கத்து வீட்ல உள்ள நாட்டுக்கோழி அத கிளறும், அவ்வளவு தான், அந்த ஊரு முழுக்க போச்சு. அதனால விக்காதீங்க. ஷெட்டுக்கு உள்ளேயே, இல்லன்னா பக்கத்துல மேட்டுல, லேசா வெள்ளம் தெளிச்சு இடுப்பு உயரத்துக்கு கூட்டி வச்சு தார்ப்பாய் போட்டு மூடுங்க. ஈரம் எவ்வளவு வேணும்னா, ஒரு பிடி அள்ளி அமுக்கினா உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல சொட்டக் கூடாது. ரெண்டு மூணு நாள்ல உள்ள சூடு ஏறும். ஒரு இரும்பு கம்பிய நடுவுல குத்தி கொஞ்ச நேரம் விட்டு எடுத்து பிடிச்சா கை தாங்கக் கூடாது. 56 டிகிரி சூட்டுல 3 மணி நேரம், 60 டிகிரின்னா அரை மணி நேரம், இந்த வைரஸ் தாங்காது. ஆனா அந்த சூடு நடுவுல தான் இருக்கும், ஓரத்துலயும் மேலயும் இருக்காது, அதனால ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வெளிய உள்ளத உள்ள போவ மாதிரி ஒரு தடவ புரட்டி திரும்ப மூடணும். மொத்தம் ஒரு மாசம் கெடக்கட்டும். அதுக்கு பிறகு சொந்த தோட்டத்துல போட்டு மண்ணோட கொத்தி விடுங்க.

வாரும்போ தூசி பறக்காம இருக்க முன்னாலயே லேசா நனைச்சுக்கணும், என்95 மாஸ்க்கும் கையுறையும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் போடணும். ராணிக்கெட்டு மனுஷனுக்கு பெருசா ஒண்ணும் செய்யாது, ஆனா கண்ணு சிவந்து வீங்கும், கண்ட கைய கொண்டு கண்ண கசக்கினா போதும். பறவைக்காய்ச்சல்னா விஷயம் வேற, உயிருக்கே ஆபத்து, அப்ப துறை ஆட்கள் தான் அந்த டிரஸ் போட்டு செய்வாங்க.

இனி கழுவுறது. மேல இருந்து கீழ வரணும், கீழ கழுவிட்டு மேல போனா திரும்ப அழுக்கு. தகரத்துக்கு அடியில, கைமரத்துல, கம்பி வலையில ஒட்டி கெடக்குற தூவலையும் தூசியையும் முதல்ல வாரியலால தட்டுங்க. சைடு படுதாவ முழுசா அவுத்து இறக்கி விரிச்சு பாருங்க. சுருட்டி வச்ச மடிப்புக்கு உள்ள எச்சமும் தீவனப்பொடியும் கட்டியா இருக்கும், இத நான் எத்தனையோ ஷெட்டுல பாத்துருக்கேன், தரைய கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருப்பாங்க, படுதாவ யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. குஞ்சு இறக்கின அன்னைக்கு குளிருக்கு படுதாவ எறக்கி விடும்போ அந்த கட்டி எல்லாம் உதிர்ந்து நேரா குஞ்சு மேல விழும். அதே மாதிரி ஃபீடர் தொங்குற கயிறு. நூல் கயிறு, சணல் கயிறு எல்லாம் எரிச்சுட்டு புதுசு கட்டுங்க, அத கழுவி ஒண்ணும் ஆவாது. மிச்ச தீவனமும் காலி சாக்கும் அப்படியே. சாக்கு ஒண்ணுக்கு கிடைக்குற சில்லறைக்கு ஆசைப்பட்டு ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் வாங்குற கடை) போட்டா அது வேற எங்கயோ போய் நிக்கும்.

சுரண்டி முடிச்சதும் சோப்புப்பொடி கரைச்ச வெள்ளத்த அடிச்சு அரை மணி நேரம் ஊற விட்டு, அதுக்கு பிறகு பவர் பம்ப் போட்டு கழுவணும். ஊற விடாம நேரா பிரஷர் அடிச்சா எச்சம் தெறிச்சு சுவத்துல தான் ஒட்டும். சோப்பு முழுசா போவ நல்ல வெள்ளத்துல ஒரு தடவ. கழுவின வெள்ளம் ரோட்டுக்கு போவாம ஒரு குழிக்கு விடுங்க. கழுவியாச்சுன்னு தோணினா ஒரு வெள்ளை நிற துணிய நனைச்சு ஃபீடர் அடி விளிம்பு, தூணும் தரையும் சேருற மூலை, நிப்பிள் (கோழி கொத்தி வெள்ளம் குடிக்குற முனை) பைப்புக்கு மேல் பக்கம், இந்த மூணு இடத்துல துடைச்சு பாருங்க. துணி கருத்தா திரும்ப கழுவணும். மண் தரைன்னா மேல ஒரு இஞ்ச் மண்ண செதுக்கி எடுத்து அந்த லிட்டரோட சேத்து போட்டு, சுண்ணாம்பு தூவி, புது மண்ணு போட்டு அடிச்சு விடணும்.

பிறகு காயணும். நம்ம மாவட்டத்துல இதாக்கும் பெரிய பாடு. ஜூன் ஜூலையில ஒரு மழை, அக்டோபர் நவம்பர்ல ஒரு மழை, ரப்பர் நிழல் வேற, கழுவின தரை நாலு நாள் ஆனாலும் ஈரமாவே கெடக்கும். ஈரத்துல குளுமையில இந்த வைரஸ் வாரக்கணக்குல உயிரோட இருக்கும், வெயிலும் காஞ்ச சூடும் பட்டா சீக்கிரம் சாவும். முடிஞ்சா ஷெட்ட ஒட்டி நிக்குற ரப்பர் கொப்ப கவாத்து பண்ணி வெளிச்சம் உள்ள வர வைங்க, ஃபேன் இருந்தா போட்டு விடுங்க. தோவாளை ஆரல்வாய்மொழி பக்கம் காத்துல ரெண்டு நாள்ல காயுறது குலசேகரத்துல ஒரு வாரம் எடுக்கும், அங்க உள்ளவன் சொன்ன நாள் கணக்கு நமக்கு ஒக்காது.

காஞ்ச பிறகு மருந்து. குளூட்டரால்டிஹைடும் குவாட்டும் (குவாட்டர்னரி அம்மோனியம்ங்கிற கிருமிநாசினி) சேந்த மருந்து கால்நடை மருந்து கடையில கிடைக்கும், லேபிள்ல போட்ட அளவுல கலக்குங்க. காசு கம்மின்னா 4 சதவீதம் சலவை சோடா, அதாவது 10 லிட்டர் வெள்ளத்துக்கு 400 கிராம், அதுவும் இந்த வைரஸுக்கு வேலை செய்யும். எந்த மருந்து ஆனாலும் கவனிக்க வேண்டியது எவ்வளவு ஊத்துறோம்ங்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லி கலவை விழணும், அப்ப தான் பரப்பு நனைஞ்சு கொஞ்ச நேரம் ஈரமா நிக்கும். உங்க ஷெட்டு 2000 சதுர அடின்னா 186 சதுர மீட்டர், தரைக்கு மட்டும் 56 லிட்டர் ஆச்சு, சுவரு வலை கூரை எல்லாம் சேத்தா 100 லிட்டருக்கு மேல போவும். 16 லிட்டர் ஸ்ப்ரேயர்ல ரெண்டு டேங்க் அடிச்சுட்டு முடிச்சாச்சுன்னு சொன்னா அது வாசம் காட்டினது மட்டும் தான். பிளீச்சிங் பவுடர அமிலத்தோடயோ ஃபார்மலினோடயோ கலக்கிராதீங்க, விஷப்புகை வரும். கடைசியா சுவருக்கு சுண்ணாம்பு அடிச்சு விட்டா நல்லது.

ஃபார்மலின் புகை போடலாமான்னு எப்படியும் ஒருத்தர் கேப்பீங்க. 100 கன அடிக்கு 20 கிராம் பெர்மாங்கனேட்டும் 40 மில்லி ஃபார்மலினும் தான் அடிப்படை கணக்கு. உங்க ஷெட்டு 8 அடி உயரம்னு வச்சா 16000 கன அடி, 6 லிட்டருக்கு மேல ஃபார்மலின் வேணும். சைடு திறந்த ஷெட்டுல படுதாவ எறக்கி கட்டினாலும் அந்த புகை நிக்காது, தோட்டத்துல பால் வெட்டுற ஆளு கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தான் போவும். புற்றுநோய் வர வைக்குற பொருள் அது. காத்து புகாத தீவன ரூமுக்கு வேணும்னா, பழக்கப்பட்ட ஆள வச்சு போடுங்க, திறந்த ஷெட்டுக்கு வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன்.

வெள்ள டேங்கும் பைப்பும் மறந்துராதீங்க. பைப்புக்குள்ள வழுவழுன்னு பாசி மாதிரி ஒரு படலம் பிடிச்சிருக்கும், அதுக்குள்ள கிருமி சொகமா இருக்கும். பைப் சுத்தம் பண்ண விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்த நிறைச்சு ராத்திரி முழுக்க விட்டு காலையில கடைசி நிப்பிள் வழியா வேகமா வெளிய விடணும். பிறகு தினசரி குடிக்க 1000 லிட்டருக்கு சுமார் 10 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், இரும்புச்சத்து உள்ள கிணத்து வெள்ளம்னா கொஞ்சம் கூட வேணும், கடைசி நிப்பிள்ல குளோரின் 2, 3 பிபிஎம் காட்டுதான்னு ஸ்ட்ரிப் வச்சு பாத்துக்கங்க.

எத்தன நாள்னு கேட்டீங்க. மருந்து அடிச்சு முடிச்ச நாள்ல இருந்து தான் எண்ணணும், கோழி போன நாள்ல இருந்து இல்ல. ராணிக்கெட்டுக்கு 3 வாரம் காஞ்ச காலி ஷெட்டா கெடக்கணும், மழைன்னா ஒரு மாசம். கம்போரோவும் (குஞ்சுக்கு வர்ற இன்னொரு வைரஸ் நோய்) கூட இருந்துதுன்னா இன்னும் கஷ்டம், அதுக்கு கொழுப்பு உறை கிடையாது, சோப்புக்கும் குவாட்டுக்கும் மசியாது, காலி ஷெட்டுல நாலு மாசம் கூட கெடக்கும், லிட்டர்ல ஊருற கருப்பு வண்டு வேற அத சுமந்துட்டு தூண் வெடிப்புல ஒளிஞ்சிருக்கும். அதனால தான் அறுத்து பாத்து நோய் எதுன்னு உறுதி பண்ணச் சொன்னேன். முழு பேட்ச் இறக்க பயமா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு பத்து குஞ்ச ஷெட்டு முழுக்க ஓட விட்டு மூணு வாரம் பாருங்க. ஒரு பேட்ச் போவுறத விட அது பரவாயில்ல.

வாசல்ல ஒரு குறுக்கு பலகை போடுங்க, வெளி செருப்ப இந்த பக்கம் கழட்டிட்டு பலகையில உக்காந்து கால திருப்பி அந்த பக்கம் உள்ள ஷெட்டு செருப்ப போடணும். சூப்பர்வைசர் ஆனாலும், லோன் பாக்க வந்த பேங்க் ஆள் ஆனாலும் அதே தான். மருந்து தொட்டி வச்சா தினம் மாத்துங்க, மூணு நாள் பழைய சேறு வெள்ளத்துல கால முக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. வேலைக்கு வர்ற ஆளு வீட்ல நாட்டுக்கோழியோ சண்டைக்கோழியோ வளக்கக் கூடாது, இத கறாரா சொல்லி அதுக்கு கொஞ்சம் சம்பளம் கூட்டி கொடுங்க, இல்லன்னா அவங்க வீட்டு கோழிக்கு நீங்களே தடுப்பூசி போட்டு கொடுங்க. கோழி ஏத்த வர்ற கூடைய ஷெட்டுக்கு உள்ள விடாதீங்க, வெளிய வச்சு எடை போடுங்க. தோவாளை பக்கம் அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய விடுறவங்க, தேரூர் சுசீந்திரம் குளத்து பக்கம் உள்ளவங்க, குளத்து வெள்ளத்த அப்படியே கோழிக்கு காட்டாதீங்க. அங்க வாற வெளிநாட்டு பறவைய விரட்டவும் வேண்டாம், அது அதோட இடம், 2022ல ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம்) கிடைச்ச குளம் அது. நம்ம தீவனம் சிந்தாம, காக்கா நுழையாம வலைய அடைச்சா போதும்.

தடுப்பூசி: 5ல இருந்து 7 நாளுக்குள்ள எஃப்1 இல்லன்னா லசோட்டா (ரெண்டும் ராணிக்கெட்டுக்கு உள்ள உயிர் தடுப்பூசி), கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்துக்குள்ள லசோட்டா திரும்ப. நாட்டுக்கோழின்னா 8 வாரத்துல ஆர்2பிங்கிற ராணிக்கெட் ஊசியும் வேணும், வருஷா வருஷம் துறை நடத்துற கோழிக்கழிச்சல் முகாம்ல இலவசமா போடுதாங்க, அதுக்கு கொண்டு போங்க. வெள்ளத்துல கலந்து குடுக்குறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாலயே குளோரின நிறுத்தணும், வெண்ணெய் எடுத்த பால் பவுடர் லிட்டருக்கு ரெண்டு மூணு கிராம் போட்டு அதுல கலக்கணும். பிளீச்சிங் பவுடர் கலந்த டேங்க்லயே உயிர் தடுப்பூசிய ஊத்தினா அது கோழி வாய்க்கு போவுறதுக்கு முன்னயே செத்துரும், அப்புறம் ஊசி போட்டும் நோய் வந்துட்டேன்னு வருத்தப்படுதாங்க. வாங்குற கடையில ஃபிரிட்ஜ்ல இருந்து தான் எடுத்து தாறாங்களான்னு பாருங்க, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்ல கொண்டு வாங்க, கலக்கினத ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கிற மாதிரி வெள்ளம் வைங்க. முந்தின பேட்சுக்கு எந்த நாள் என்ன ஊசி போட்டீங்க, எப்படி போட்டீங்க, சாவு எந்த நாள் தொடங்குச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்ட கொண்டு போங்க, அத பாத்தா உங்க ஷெட்டுக்கு ஏத்த தேதிய அவரு குறிச்சு தருவாரு.